கூடி வாழும் கிருமிகள்



குளத்துப் படித்துறையில் இறங்கி நீராடிப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் படிகளில் காலை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் படியில் மட்டும் நிதானமாக வைக்க வேண்டும். அந்தக் கல்லின்மேல் கொழகொழவென்று ஒரு பூச்சு படிந்திருக்கும். கையால் தடவினால் அது போவதில்லை. தேங்காய் நாரும் மணலும் கொண்டு அழுந்தத் தேய்த்தாலும் சில நாட்களில் மீண்டும் படிந்துவிடும். பாசி என்று ஒரு சொல்லால் சொல்லி நாம் அதனைக் கடந்துவிடுகிறோம். அந்தப் பூச்சுக்குள் பாசியோடு சேர்ந்து எண்ணற்ற பாக்டீரியாக்களும் தாமே சுரந்த பசைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. அதே வகையான குடித்தனம் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் உடலுக்குள்ளும் நடைபெறும் என்பதை மருத்துவ உலகம் மிகவும் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. ஏன் அத்தனை தாமதம், அதனால் இழப்பு யாருக்கு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அறிவியலார் இப்பூச்சுக்கு உயிர்ப்படலம் என்று பெயர் இட்டிருக்கின்றனர். கிருமி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது யாது? நீரிலோ இரத்தத்திலோ தன்னந்தனியாக நீந்திச் செல்லும் ஒரு நுண்ணிய உயிர். பள்ளிப் பாடநூல்கள் அப்படித்தான் படம் வரைந்து காட்டின. மருந்துகளும் அந்தத் தனிக் கிருமியை எதிரியாக வைத்தே சோதிக்கப்பட்டன. ஆனால் இயற்கையில் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அவ்வாறு தனித்துத் திரிவதில்லை. ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு கூட்டமாகவே வாழ்கின்றன. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதை மனிதருக்கு முன்பே அவை கண்டுகொண்டன போலும்.

இக்கூட்டத்தை முதன்முதலாகக் கண்டவர் ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்துவந்த ஆண்டனி வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு இல்லை. அக்காலத்துப் புலவர்களின் மொழியாகிய இலத்தீனும் தெரியாது. தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே அகப்பட்டவற்றையெல்லாம் உற்று நோக்கி, கண்டதை இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதிவந்தார். 1683-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் எழுதிய கடிதம் அவருடைய சொந்தப் பற்களைப் பற்றியது. தினந்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. நம் பாட்டன்மாரின் வழக்கமும் அதுவே அன்றோ? அப்படித் துலக்கியும் பல்லிடுக்கில் மாவு போன்ற வெள்ளை ஊத்தை சிறிது தங்கியிருந்தது. அதனைச் சுரண்டி மழைநீரில் கலந்து பார்த்தபோது, அதில் சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டார். தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை தம் நாட்டு மக்களின் எண்ணிக்கையைவிட மிகுதி என்று அவர் வியந்து எழுதினார்.

அதனினும் சிறப்பு வாய்ந்தது, அவர் அடுத்துச் செய்த சோதனை. காரமான வினிகரை வாயில் கொண்டு பற்களினிடையே செல்லுமாறு கொப்பளித்தார். பிறகு ஊத்தையைச் சுரண்டிப் பார்த்தார். உயிர்கள் முன்போலவே உலவின. ஆனால் ஊத்தையை முதலில் சுரண்டி எடுத்து, நீரில் கலைத்து, அதில் அதே வினிகரைச் சிறிது விட்டதும் அவை மடிந்தன. வினிகர் ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு கட்டினார். கூட்டமாக ஒட்டியிருக்கும்போது ஒரு நச்சுக்குத் தப்பும் உயிர், கலைத்துவிட்டால் அதே நச்சுக்கு இரையாகிறது. இப்பேச்சில் பின்னால் வரப்போகும் செய்திகளின் வித்து முழுவதும் இந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது. ஆயினும் அதன் பொருள் விளங்க ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின.

இடையில் நிகழ்ந்தது ஒரு மாபெரும் வெற்றி. அந்த வெற்றியே இவ்வுண்மையை மறைத்தது என்பது என் கருத்து. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், ஒவ்வொரு நோய்க்கும் காரணமான கிருமியைப் பிற கிருமிகளிலிருந்து பிரித்துத் தனியாக வளர்க்கும் முறையை வகுத்தார். அதற்குத் திடமான ஒரு கூழ் வேண்டியிருந்தது. முதலில் உருளைக்கிழங்குத் துண்டிலும் ஜெலாட்டினிலும் முயன்றனர். வெயில் நாட்களில் ஜெலாட்டின் உருகி ஓடிற்று. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, சமையலறையில் தாம் பயன்படுத்திவந்த அகாரைச் சொன்னார். நம் கடற்கரை ஊர்களில் நோன்புக் காலத்தில் கடற்பாசி என்ற பெயரில் காய்ச்சிக் குளிரவைத்து உண்ணும் இனிப்புக்கு மூலப்பொருள் அதுதான். இன்றளவும் உலகிலுள்ள ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் கிருமிகள் வளர்வது அந்த அம்மையார் காட்டிய கூழின் மேலேதான்.

இம்முறையைக் கொண்டு கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, காலராக் கிருமியை நோயாளிகளின் குடலிலும் அவ்வூர்க் குளத்து நீரிலும் கண்டார். இவை மனிதகுலம் மறக்கக் கூடாத சாதனைகள். ஆனால் தனிப்படுத்தி வளர்ப்பது என்றால் என்ன? கிருமியை அதன் சுற்றத்தாரிடமிருந்து பிரித்து, வயிறார உணவு கொடுத்து, குடுவையில் இட்டுக் குலுக்கி, விரைவாகப் பெருகச் செய்வது. அவ்வாறு வளர்ந்த கிருமிக்குப் பசை சுரக்க வேண்டிய தேவை இல்லை. பற்றிக்கொள்ளப் பரப்பும் இல்லை. காட்டு யானையின் இயல்பைக் கோயில் யானையைப் பார்த்து அறிய முயல்வது போன்றது இது. கல்கத்தாக் குளத்தில் கோக் கண்ட கிருமியே, நீரில் பெரும்பாலும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் உடலைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்பது நெடுங்காலம் கழித்துத் தெரியவந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு, வங்கதேசத்துச் சிற்றூர்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் செய்ததில், காலரா நோய் 48 விழுக்காடு குறைந்தது என்று 2003-ஆம் ஆண்டில் ரீட்டா கோல்வெல் குழுவினர் அறிவித்தனர். கிருமி எதைப் பற்றி வாழ்கிறது என்று கேட்டதனால் கிடைத்த பயன் அது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும், ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் முதலியோர் அதனை மருந்தாக்கியதும் பலரும் அறிந்தவை. பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1941-இல் முதல் நோயாளிக்கு அம்மருந்தை ஏற்றுவதற்கு முன்பே, 1940-லேயே, பெனிசிலினைச் சிதைக்கும் ஒரு நொதியைக் குடற்கிருமி ஒன்றில் செயினும் ஆபிரகாமும் கண்டு அறிவித்துவிட்டனர். மருந்து பிறக்குமுன்பே அதன் மாற்று பிறந்திருந்தது. 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஃபிளெமிங் ஆற்றிய உரையில், அளவு குறைத்து மருந்துண்பவர் கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பித்துவிடுவார் என்று எச்சரித்தார்.

இந்த எதிர்ப்பாற்றல் பரம்பரையாக வருவது. கிருமியின் மரபணுவில் எழுதப்பட்டு, தாயிடமிருந்து சேய்க்குச் செல்வது. அதற்கு நேர்மாறான வேறொன்றையும் அதே நாட்களில் ஒருவர் கண்டார். டப்ளின் நகரத்து மருத்துவ அறிஞர் ஜோசஃப் பிக்கர், 1944-இல், பெனிசிலின் இட்ட குடுவையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமி முழுவதும் அழியாமல், பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அளவில் எஞ்சி நிற்பதைக் கவனித்தார். எஞ்சியவற்றை எடுத்து மீண்டும் வளர்த்தால், அவற்றின் சந்ததி பெனிசிலினுக்குப் பழையபடியே மடிந்தது. ஆகவே அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல, உறங்கிக் கிடந்தவை. பெனிசிலின், கிருமி தன் உடற்சுவரைக் கட்டும் வேலையைக் குலைத்துக் கொல்லும் மருந்து. வேலையே செய்யாமல் உறங்குகிறவனிடம் அம்மருந்து என்ன செய்ய முடியும்? பிக்கரின் கட்டுரையை அன்று பொருட்படுத்தியவர் சிலரே. போர்க்காலம், பெனிசிலின் வீரர்களை மரணத்தின் வாயிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒன்றைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் நேரமில்லை.

மருத்துவமனைக்கு வெளியே, ஏரியிலும் கடலிலும் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் மருத்துவர்களைக் காட்டிலும் முன்னேறியிருந்தனர். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆர்தர் ஹென்ரிசி, கண்ணாடிச் சில்லுகளை ஏரியில் அமிழ்த்திவைத்து எடுத்துப் பார்த்து, நீர்வாழ் பாக்டீரியாக்களில் பெரும்பான்மை மிதப்பவை அல்ல, மூழ்கிய பரப்புகளில் ஒட்டி வளர்பவையே என்று 1933-இல் எழுதினார். கலிஃபோர்னியாவில் கிளாட் சோபெல், கப்பல்களின் அடிப்புறத்தில் படியும் அழுக்கை ஆராய்ந்து, கடல்நீரைப் புட்டியில் அடைத்து வைத்தால் கிருமிகள் நீரைவிட்டுப் புட்டியின் சுவருக்குக் குடிபெயர்வதை 1943-இல் விளக்கினார். ஆனால் கப்பலின் அடியை ஆராய்பவரின் கட்டுரையை மருத்துவர் எதற்காகப் படிக்க வேண்டும்? ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கும் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

இந்நிலையில் மருத்துவம் ஒரு புதிய பாதையில் கால் வைத்தது. மனித உடலுக்குள் அந்நியப் பொருள்களை வைக்கும் காலம் பிறந்தது. சிறுநீர் வடிக்க, உள்ளேயே தங்கும் ஃபோலி குழாய் 1930-களில் வந்தது. 1958-இல் ஸ்டாக்ஹோமில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலில் பதிக்கப்பட்டது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் கையில் நிலையாக ஒரு குழாயைப் பொருத்தி வாரந்தோறும் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை தோன்றிற்று. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டை அமைத்தார். இவற்றால் உயிர் பிழைத்தவர்களும் எழுந்து நடந்தவர்களும் எண்ணிலடங்கார். ஆனால் கிருமியின் நோக்கில் பாருங்கள்: உயிருள்ள திசுவுக்கு இரத்த ஓட்டம் உண்டு, காவலுக்கு வெள்ளணுக்கள் உண்டு. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தக் காவல் இல்லை. குளத்தில் மூழ்கிய படிக்கல்லைப் போன்ற ஒரு பரப்பை மருத்துவர்களே உடலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டனர்.

விளைவு முதலில் குழந்தைகளிடம் தெரிந்தது. மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு அந்நீரை வடிக்க மெல்லிய குழாயைப் பதிப்பார்கள். அதில் அடிக்கடி கிருமி பற்றிற்று. பற்றிய கிருமியோ நம் தோலில் எப்போதும் சாதுவாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை. சோதனைச்சாலையில் அது காணப்பட்டால் தோலிலிருந்து தவறி விழுந்தது என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். 1972-இல் இங்கிலாந்தில் ரோஜர் பேஸ்டனும் உடனாய்வாளரும், அக்கிருமிகள் மிகுதியாகப் பசை சுரப்பதையும், குழாயில் அவை குடியேறுவதற்கு அப்பசை காரணமாகலாம் என்பதையும் எடுத்துக்காட்டினர்.

ஏறக்குறைய அதே காலத்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹாய்பி வேறு வகை நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவிக் குறையுள்ள பிள்ளைகளுக்கு நுரையீரலில் சளி கட்டியாக உறைந்து நிற்கும். அச்சளியில் சூடோமோனாஸ் என்னும் கிருமி ஒரு முறை ஊன்றிவிட்டால் பிறகு எந்த மருந்தும் அதனை வேரறுப்பதில்லை. ஹாய்பி அக்கிருமியைக் கூழில் வளர்த்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. சளியையே நேராக நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். கிருமிகள் தனித்தனியாக இல்லை. பசையால் சூழப்பட்ட திரள்களாக இருந்தன. வெள்ளணுக்கள் அத்திரள்களைச் சுற்றி முற்றுகையிட்டும் உள்ளே புக முடியாமல், தம் ஆயுதங்களை வெளியே கொட்டி, அருகிலிருந்த நுரையீரல் திசுவையே சிதைத்தன. கோட்டையைப் பிடிக்க முடியாத படை ஊரைக் கொளுத்தியது போலாயிற்று.

சிதறிக் கிடந்த இந்தச் செய்திகளை ஒரே நூலில் கோத்தவர் கனடா நாட்டினரான வில்லியம் காஸ்டர்டன். 1960-களின் முற்பகுதியில் இவர் பஞ்சாபின் பட்டாலா நகரில் பேரிங் யூனியன் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர் என்பது நமக்குச் சிறிது மகிழ்ச்சி தரும் செய்தி. பின்னர் கனடாவின் கால்கரி நகரில் இருந்தபோது, இவரும் உடனாய்வாளர்களும் ராக்கி மலைத்தொடரின் ஓடைகளை ஆராய்ந்தனர். தெளிந்த ஓடை நீரில் கிருமிகள் மிகச் சிலவே. காலடியில் வழுக்கும் கற்களிலோ அவை அடர்ந்து மொய்த்திருந்தன. 1978-இல் பாக்டீரியாக்கள் எவ்வாறு ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் பொதுவாசகருக்காக அவர்கள் எழுதிய கட்டுரை, இத்துறையின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982-இல், மலை ஓடையும் மருத்துவமனையும் ஒன்றாயின. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பரவிற்று. நீண்ட நாள் கடுமையான மருந்து கொடுத்தும் நோய் ஒழியவில்லை. இறுதியில் அக்கருவியின் கம்பியை வெளியே எடுத்து, தாமஸ் மேரியும் காஸ்டர்டனும் மின்னணு நுண்பெருக்கியில் பார்த்தனர். ஓடைக் கல்லில் கண்ட அதே பூச்சு கம்பியின் மேலே படிந்திருந்தது. 1985-இல் மற்றொரு சோதனை இதற்கு எண்ணால் சான்று தந்தது. நீரில் மிதக்கும் சூடோமோனாஸ் கிருமிகளை மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் டோப்ராமைசின் என்னும் மருந்து முழுவதும் கொன்றது. அதே கிருமி சிறுநீர்க் குழாயின் துண்டில் படலமாக ஒட்டியிருந்தபோது, 1,000 மைக்ரோகிராம் செறிவில் 12 மணி நேரம் வைத்தும் உயிரோடிருந்தது. லீவன்ஹூக்கின் வினிகர் சோதனையைப் புதிய கருவிகளோடு மறுபடியும் செய்தது போன்றது இது என்று சொன்னால் மிகையாகாது.

படலத்துக்குள் மருந்து ஏன் தோற்கிறது? பசை தடுப்பதனால் என்றே நெடுநாள் நம்பினர். அது பாதி உண்மை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொன்டானாவில் க்ளெப்ஸியெல்லா என்னும் கிருமியைக் கொண்டு செய்த ஆய்வு மறுபாதியைக் காட்டிற்று. மருந்தைச் சிதைக்கும் நொதி இல்லாத ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். ஆம்பிசிலின் மருந்து படலத்தின் அடிவரை தாராளமாக ஊடுருவிச் சென்றது. ஆயினும் உள்ளிருந்த கிருமிகள் சாகவில்லை. காரணம், படலத்தின் ஆழத்தில் உணவும் பிராணவாயுவும் குறைவு. அங்குள்ளவை மெல்ல மூச்சுவிட்டு, பெருகாமல் காலங்கழிக்கின்றன. பிக்கர் 1944-இல் கண்ட உறங்கும் கிருமிகள் இங்கேதான் குடியிருக்கின்றன. மருந்து நிறுத்தப்பட்டதும் அவை விழித்தெழுந்து படலத்தை மீண்டும் நிரப்புகின்றன. சில உதிர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. காய்ச்சல் திரும்புகிறது. மற்றொரு வியப்பு: இக்கிருமிகள் சில வேதிப்பொருள்களைக் கசியவிட்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி இல்லாவிடில் சூடோமோனாஸ் தன் படலத்தைச் செவ்வனே கட்டுவதில்லை என்று 1998-இல் கண்டனர்.

உறக்கத்தால் தப்புவது ஒன்று, மரபணுவால் எதிர்ப்பது மற்றொன்று என்று முன்பு பிரித்துக் கூறினேன். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. எதிர்ப்பாற்றல் தரும் மரபணு தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமன்றி, பக்கத்திலுள்ள கிருமிக்கும், வேறு இனக் கிருமிக்கும்கூடக் கைமாறும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1959-இல் சீதபேதிக் கிருமிகளில் நிறுவினர். கைமாறுவதற்கு இரண்டு கிருமிகள் நெருங்கித் தொட வேண்டும். படலத்தைவிட நெருக்கமான குடியிருப்பு வேறு எது? இறந்துபோகாமல் நீண்ட நாள் மருந்தின் மெல்லிய வாடையில் வாழும் கூட்டம், பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஆயுதம் கடன் வாங்க நேரமும் வாய்ப்பும் பெற்றுவிடுகிறது.

நம் நாட்டின் அனுபவம் இங்கே இடம்பெற வேண்டும். பூனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954-இல் அரசுத்துறையில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஆலை அடுத்த ஆண்டில் பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியபோது, அது விடுதலை பெற்ற நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. கருதப்பட்டதில் தவறில்லை. மருந்து எட்டாக்கனியாக இருந்த நாட்டில் அது எளியோர் கைக்கும் எட்டியது. எட்டியபின் அதனை எப்படிக் கையாண்டோம் என்பது வேறு கதை. புதுடில்லியில் சிகிச்சை பெற்ற ஒருவரிடமிருந்து, 2008-இல் சுவீடனில் ஒரு க்ளெப்ஸியெல்லாக் கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. கடைசிப் புகலாக வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் நொதி அதனிடம் இருந்தது. அதற்கு நம் தலைநகரின் பெயரையே சூட்டினர். 2010-இல் அதன் பரவலைக் காட்டிய ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக இருந்தார். பெயர் சூட்டியதைப் பற்றி நாட்டில் மனத்தாங்கல் எழுந்தது இயல்பே. ஆனால் பெயரைப் பற்றி நாம் வாதாடிய அளவு, நீரைப் பற்றி வாதாடியிருக்கலாம். 2011-இல் வெளிவந்த ஆய்வில் டில்லியின் குழாய்நீர் மாதிரிகள் 50-இல் 2-லும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும் அந்த மரபணு காணப்பட்டது.

இழப்பு யாருக்கு என்று தொடக்கத்தில் கேட்டேன். உடல் திடமாக உள்ளவர் இக்கிருமிகளை நாள்தோறும் தொட்டும் குடித்தும் ஒன்றும் நேராமல் நடமாடுகிறார். விலை கொடுப்பவர்கள் வேறு: குறைமாதத்தில் பிறந்த சிசு, தீக்காயம் பட்டவர், புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குன்றியவர், செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடப்பவர், படுக்கையோடு படுக்கையாகிவிட்ட முதியவர். டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த சிசுக்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், இரத்தத் தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் முதலிடம் பெற்றது அசினெட்டோபாக்டர். காய்ந்த பரப்புகளிலும் நாட்கணக்கில் உயிர்தாங்கும் கிருமி அது. அவற்றில் 82 விழுக்காடு, பல்வகை மருந்துகளையும் எதிர்ப்பனவாக இருந்தன. நம் குடும்பங்களில் பெருகியுள்ள நீரிழிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆறாத புண்கள் 50-ஐ நுண்பெருக்கியில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 30-இல் உயிர்ப்படலம் இருந்தது. புதிய காயங்கள் 16-இல் ஒன்றில் மட்டுமே இருந்தது. காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் வாட்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பரிகாரம் இல்லையா என்றால், உண்டு; ஆனால் அது புதிய மருந்தால் மட்டும் வருவதன்று. மேலே சொன்ன பேஸ்மேக்கர் நோயாளியின் கதை காட்டும் வழி, பற்றிய பொருளை எடுத்துவிடுவது. எல்லாவற்றையும் எடுக்க முடியாது. உறுதியாக நிற்கும் எலும்பு உலோகத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பற்றிய புதிதில், காசநோய்க்கு வழங்கும் ரிஃபாம்பிசினை மற்றொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பயனுண்டு என்று 1998-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் காட்டினர். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில், ரிஃபாம்பிசின் பெற்ற 12 பேரும் குணமடைந்தனர். பெறாத 12 பேரில் 7 பேர் மட்டுமே குணமடைந்தனர். இன்னொரு வழி, படலம் கட்டுமுன் முந்திக்கொள்வது. கோபன்ஹேகனில் சூடோமோனாஸ் சளியில் தலைகாட்டிய உடனே சிகிச்சையைத் தொடங்கிப் பார்த்தனர். 1991-இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 14 விழுக்காட்டினருக்கும், பெறாதவரில் 58 விழுக்காட்டினருக்கும் நோய் நிலைத்தது.

இவை எல்லாவற்றினும் எளிய வழியை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரிய இரத்தநாளத்தில் குழாய் செருகும்போது கை கழுவுதல், நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடுதல், தோலை குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடையிடுக்கு நாளத்தைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல் என்னும் ஐந்தை மட்டும் தவறாமல் செய்தனர். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1,000 குழாய்-நாட்களுக்கு 2.7 என்றிருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்துக்குள் பூஜ்யமாயிற்று. விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. நம் நாட்டில் 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 முதல் 46 மருந்துகளை விற்பவர், எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவேட்டை எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறோம் என்று நேயர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து தாயையோ தந்தையையோ வரவழைத்து, டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அவர்களுக்குத் தெரியாத மொழியில் மருத்துவரோடு பேசி நிற்கும் பொறுப்பு உங்களில் பலருக்கு வாய்த்திருக்கும். அப்பொழுது நாள்தோறும் ஒன்று கேளுங்கள்: இந்தச் சிறுநீர்க் குழாயும் கையிலுள்ள ஊசிக் குழாயும் இன்றும் தேவைதானா? அவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவது ஆகாது. மிச்சிகனின் ஐந்தாவது விதி அதுவே. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அறிக்கையைப் பற்றியும் ஒன்று தெரிந்திருத்தல் நலம். இந்த மருந்து கிருமியைக் கொல்லும், இது கொல்லாது என்று அதில் குறித்திருப்பது வழக்கமாகத் தனித்து மிதக்கும் கிருமியை வைத்துச் சோதித்த முடிவு. படலத்திலுள்ள கிருமியின் மேல் மருந்தைச் சோதிக்க, 96 சிறு முளைகளைக் கொண்ட ஒரு கருவியைக் கால்கரி அறிஞர்கள் 1999-இல் அமைத்தனர். ஆயினும் அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது. அன்றாட மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை. ஆகவே, அறிக்கையில் நல்லது என்று குறித்த மருந்தைக் கொடுத்தும் காய்ச்சல் விட்டுவிட்டு வருமாயின், நோயாளிக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முழங்காலில் வைத்த உலோகமோ, இதயத்தில் வைத்த வால்வோ இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் எடுத்துச் சொல்லுங்கள்.